சன்ரூஃபுக்காக கார் வாங்காதீர்கள்

எதைப் படிப்பது என்று அன்றைக்கு அப்பா முடிவு செய்தார். எந்தக் கார் வாங்குவது என்று இன்றைக்கு மாமனாரும் ஆபீஸ் நண்பர்களும் முடிவு செய்கிறார்கள். புத்தூர், நாராயணவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மெக்கானிக்கல் பாடம் எடுத்தவன் என்ற முறையில் இரண்டு கூத்தையும் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சென்னையிலோ ஸ்ரீசிட்டியிலோ வேலை கிடைத்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் கார் ஆசை வருகிறது. அதில் தப்பில்லை. ஆனால் முன்பணம் கட்டிவிட்டுத்தான் “சார், இந்த வண்டி எப்படி?” என்று ஃபோன் செய்கிறார்கள். கல்லூரியில் சீட்டு வாங்கிய பிறகு “இந்தப் பிரிவு எனக்கு ஒத்துவருமா சார்?” என்று கேட்ட அதே பிள்ளைகள்தான்.

பெரும்பாலானவர்கள் கேட்பது நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவி. அது ஏன் என்று வாதாடப் போவதில்லை. நம் சாலைக்கும் நம் சம்பளத்துக்கும் பொருந்துகிறது. பட்டியலும் ஊரறிந்ததுதான். மாருதி பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், மகிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, இன்னும் கொஞ்சம் சிக்கனமாக வேண்டுமென்றால் நிசான் மேக்னைட். சோனெட் நம் ஆந்திராவிலேயே பெனுகொண்டாவில் தயாராகிறது. மேக்னைட் சென்னைக்கு அருகே ஒரகடத்தில்.

எல்லாமே அண்மையில் உருமாறியவை. 2022 ஜூனில் பிரெஸ்ஸா, 2023 செப்டம்பரில் நெக்ஸான், 2024 ஜனவரியில் சோனெட், அதே ஆண்டு ஏப்ரலில் பழைய எக்ஸ்யூவி 300 பேரும் முகமும் மாறி 3எக்ஸ்ஓ, அக்டோபரில் மேக்னைட், 2025 நவம்பரில் வென்யூ. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நெக்ஸானிலும் சோனெட்டிலும் மாறியது வெளித்தோற்றமும் உள் அலங்காரமும். அடிக்கட்டும் எஞ்சினும் பெரும்பாலும் முன்பு இருந்தவைதான். ஷோரூமில் பேச்செல்லாம் மாறியதைப் பற்றியே நடக்கிறது. மாறாததைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அழகு: இரண்டு வார்த்தை போதும்

நெக்ஸானின் பின்பக்கம் குறுக்கே ஓடும் விளக்குப் பட்டையைப் பார்த்து மயங்காதவர் குறைவு. 3எக்ஸ்ஓவின் முகத்தை ஒரு சாரார் ரசிக்கிறார்கள், மறு சாரார் சுளிக்கிறார்கள். பிரெஸ்ஸா சதுரம் சதுரமாக, வம்பில்லாமல் இருக்கிறது; பெரியவர்களுக்கு அதனாலேயே பிடிக்கிறது. அழகோ அழகின்மையோ ஆறு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

கைக்குப் பழகாத விஷயங்கள்தான் நாளெல்லாம் உறுத்தும். புது நெக்ஸானின் ஏசி பலகையில் குளிரையும் காற்றையும் கூட்டிக் குறைக்க மட்டும் நிஜ விசைகள் உண்டு, மற்றவை தொடுபலகை. புது வென்யூவில் 12.3 அங்குலத் திரைகள் இரண்டு. படத்தில் பிரமாதம். நகரி தாண்டி லாரிகளுக்கு நடுவே போகும்போது, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் தடவிக் கண்டுபிடித்துத் திருகும் பொத்தான்தான் தோது. இந்த விஷயத்தில் நான் பழைய ஆள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டிப் பார்க்கப் போகும்போது எஞ்சினை விட ஏசி விசைகளை அதிக நேரம் சோதியுங்கள். பளபளக்கும் கறுப்புப் பலகைகள் நம் செம்மண் தூசிக்கு ஒரு நாள் தாங்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

எஞ்சின்: உங்கள் கிலோமீட்டர் என்ன?

வாரம் தவறாமல் சென்னை போய்வருபவர், மாதம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுபவர் டீசல் பார்க்கலாம். நெக்ஸான், வென்யூ, சோனெட், 3எக்ஸ்ஓ நான்கிலும் 1.5 லிட்டர் டீசல் கிடைக்கிறது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு திருமலை மலைப்பாதையில் ஏறும்போது டீசலின் இழுவைக்கு இணையில்லை.

ஆனால் “டீசல்தான் ராசி” என்று மாமனார் சொன்னதற்காக வாங்கி, நாராயணவனத்திலிருந்து புத்தூர் கடைத்தெரு வரை மட்டும் ஓட்டினால் தொல்லை. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 விதிக்குப் பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரி வடிகட்டி ஒன்று உண்டு. அதில் சேரும் கரி எரிந்து போக, வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் எஞ்சின் சூடாவதற்குள்ளேயே வீடு வந்துவிடும். கரி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரிந்து, கடைசியில் சர்வீஸ் சென்டரில் போய் நிற்பீர்கள்.

குறைந்த ஓட்டத்துக்கு டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், கையால் போடும் கியர். பிரெஸ்ஸாவின் 1.5 லிட்டர் எஞ்சின் அமைதியானது, ஆனால் வரியில் அடி வாங்குகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் உள்ள பெட்ரோல் காருக்கும் 1500 சிசிக்குள் உள்ள டீசல் காருக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். பிரெஸ்ஸா 1462 சிசி பெட்ரோல் என்பதால் 40 சதவீதம். வென்யூ, சோனெட்டின் 1.2 லிட்டர் எஞ்சினுக்கு வேகம் குறைவு. பொறுமைசாலிக்கு அது போதும்.

இனி அந்தக் கூரைக்கு வருவோம்

மேலே சொன்னதெல்லாம் ஒரு பங்கு. இன்றைக்குப் பிள்ளைகள் கடன்படுவதற்கு முதல் காரணம் வேறொன்று. பெண் பார்க்கப் போனாலும் கேட்கிறார்கள், கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை போடும்போதும் கேட்கிறார்கள்: “சன்ரூஃப் இருக்கா?”

வெயில் அரிதான குளிர் நாட்டுக்காரன் கூரையைத் திறந்து வெயிலை உள்ளே அழைப்பதில் அர்த்தம் இருக்கிறது. கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர்க்காரன் அதே காரியத்தைச் செய்ய ஒரு லட்சம் கொடுக்கிறான். வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் மாதம் திறக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். அப்புறம் உள்திரையை இழுத்து மூடிவிட்டு ஏசியைக் கூட்டி வைக்கிறார்கள். 3எக்ஸ்ஓ மாதிரி கூரை முழுக்கக் கண்ணாடி வந்த வண்டியில் பின்சீட்டுக்காரர் தலைக்கு நேர்மேலே கண்ணாடி காய்கிறது. ஏசி அதிகம் உழைத்தால் எண்ணெயும் அதிகம் குடிக்கும். கண்ணாடி நகர்வதற்கான சட்டம் உள்கூரையைக் கீழே இறக்கிவிடுவதால், உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும்.

பராமரிப்பைப் பற்றி விற்பவர் பேசமாட்டார். சன்ரூஃபைச் சுற்றி ஒரு கால்வாய் ஓடும். அதில் விழும் மழைநீர் மூலைகளில் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாக வண்டிக்கு வெளியே போக வேண்டும். வேப்பமரத்தடியில் நிறுத்தினால் பூவும் சருகும் அந்தக் குழாயை அடைக்கும். தண்ணீர் போக வழியின்றி உள்கூரைத் துணியில் இறங்கும். ஐப்பசி மழையில் சீட்டு ஊறிய பிறகுதான் தெரியவரும். சித்தூர்ச் சீமை மாந்தோப்புச் சீமை. தோப்பு நிழலில்தான் வண்டியை விடுவோம். முக்கால் கிலோ தோத்தாபுரி இரும்புக் கூரையில் விழுந்தால் ஒரு சொட்டை. கண்ணாடியில் விழுந்தால் என்ன செலவு என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். அதை மாற்றிப் போட நம் ஊர் மெக்கானிக்கால் ஆகாது. திருப்பதிக்கோ சென்னைக்கோ போக வேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளை அதில் நிறுத்துகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2025 செப்டம்பரில் பெங்களூருவில் ஓடும் காரின் சன்ரூஃப் வழியே தலை நீட்டி நின்ற சிறுவன், சாலைக்கு மேலே இருந்த உயரத் தடுப்பில் மோதிய காணொளியை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும் திருப்பதி சாலையில் அப்படி நிற்கும் குழந்தைகளைப் பார்க்கிறேன். சடன் பிரேக் போட்டால் அந்தக் குழந்தையைப் பிடிக்க பெல்ட்டும் இல்லை, காற்றுப்பையும் இல்லை.

கணக்கும் போட்டுவிடுவோம். ஒரு லட்சத்தை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டு தவணையாகக் கட்டினால் மாதம் சுமார் 1,600 ரூபாய், மொத்தம் 1 லட்சத்து 35 ஆயிரம். வருடத்தில் நாலு முறை திறக்கும் ஜன்னலுக்கு இந்தத் தண்டம். அதே பணத்தில் நல்ல டயர், குழந்தை இருக்கை, காப்பீடு என்று எவ்வளவோ செய்யலாம். ஊட்டியில் குடியிருப்பவர் வாங்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

“மேல் வகை வாங்கினால்தானே பாதுகாப்பு?” என்பார்கள். அது பழைய கதை. மேலே சொன்னவற்றில் நெக்ஸான், வென்யூ, சோனெட், 3எக்ஸ்ஓ எல்லாவற்றின் அடிப்படை வகையிலேயே ஆறு காற்றுப்பைகள் வருகின்றன. பாரத் என்சிஏபி சோதனையில் நெக்ஸானும் 3எக்ஸ்ஓவும் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. பாதுகாப்புக்காக உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. நடு வகை போதும்.

பொறுத்தவர்

எந்தப் புது உருவமும் வந்த வேகத்தில் வாங்காதீர்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழியட்டும். அதற்குள் வாங்கியவர்களின் புலம்பலும் புகழ்ச்சியும் வடிந்து, உண்மை மிஞ்சும். ஓட்டிப் பார்க்கப் போகும்போது மாமனாரை வீட்டில் விட்டுவிட்டு, தினமும் உங்களோடு வரப் போகிறவர்களை அழைத்துப் போங்கள். அம்மாவால் முழங்காலை மடக்கி ஏற முடிகிறதா, நடுவில் உட்காருபவருக்கு இடம் இருக்கிறதா, திருவிழாவுக்குப் போகிற மூட்டைகள் டிக்கியில் அடங்குகின்றனவா என்று பாருங்கள். சென்னையில் வாங்கி ஊரில் நிறுத்துவதாக இருந்தால், வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை மறுபதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

படிப்புக்கும் இதே விதிதான். பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தான் என்று எடுத்தவர்களில், கையில் ஸ்பானர் கொடுத்தால் முகம் மலர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். தனக்கு எது வரும் என்று தெரிந்துகொள்ள நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுக்க அப்பாவும் தயாரில்லை, பிள்ளையும் தயாரில்லை. நாலு வருடப் படிப்போ ஏழு வருடத் தவணையோ, ஊர் மெச்ச எடுத்தவனைக் கடைசியில் ஊர் வந்து தாங்குவதில்லை. தன் இயல்பையும் தன் தேவையையும் அறிந்து, அவசரப்படாமல் எடுத்தவன் நிம்மதியாக இருக்கிறான்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே: நடு வகை, ஆறு காற்றுப்பை, உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ற எஞ்சின், தலைக்கு மேலே இரும்பு. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஃபோன் செய்யுங்கள்.