மும்முனை மின்சாரமும் கிணற்று மோட்டாரும்

நெய்வேலியில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி உண்டென்பது 1930-களில் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்டது. 1956-ல் அதற்கென ஒரு சர்க்கார் கம்பெனி ஏற்பட்டது; 1962 முதல் அக்கரியை எரித்து அங்கு மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டு வருகிறது. அம்மின்சாரம் மூன்று கம்பிகளில் புறப்படுவதன் காரணத்தையும், அதைக் கையாளும் முறையையும் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மூன்று முனைகள்

ஒரே உரலில் மூன்று பெண்கள் மாறி மாறி உலக்கை போடின், குத்து இடைவிடாமல் விழும். அவ்வாறே மின் இயந்திரத்தின் மூன்று கம்பிச் சுருள்களும் சம இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக விசை தருவதால் மோட்டார் சீராகச் சுழல்கிறது. முனைக் கம்பிகளில் எவையேனும் இரண்டுக்கிடையே சுமார் 400 வோல்ட் இருக்கும். ஒரு முனைக்கும் நியூட்ரல் கம்பிக்கும் இடையே சுமார் 230 வோல்ட் இருக்கும். முன்னது பம்பு செட்டுக்கும், பின்னது வீட்டு விளக்குக்கும் உரியன.

மோட்டார் கெடும் விதம்

ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு முனையின் பியூஸ் போய்விட்டால், மோட்டார் உடனே நிற்பதில்லை. பாரம் முழுவதும் எஞ்சிய இரு கம்பிகளின் மேல் விழ, சுருள் சூடேறிக் கருகிவிடும். நின்ற மோட்டாரோ உறுமுமேயன்றிச் சுழலாது. அவ்வொலி கேட்டவுடன் சுவிட்சை அணைத்தல் வேண்டும். இதனைத் தானே தடுக்கும் கருவி ஸ்டார்ட்டருடன் பொருத்தப்படுவதுண்டு. அதன் விலை சுருளை மீண்டும் கட்டும் செலவினும் குறைவே.

டிரான்ஸ்பார்மர் அல்லது கம்பி பழுது பார்க்கப்பட்ட பின் பம்பில் தண்ணீர் குறைந்தால், மோட்டார் எதிர்ப்புறம் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரத்தை முற்றிலும் நிறுத்தி, ஏதேனும் இரு முனைக் கம்பிகளை இடம் மாற்றினால் சுழற்சி நேராகும்.

தேசத்துக்குத் தேசம்

இந்தியாவில் செகண்டுக்கு 50 சுற்று மின்சாரம் வழங்குகிறது. அமெரிக்காவில் 60 சுற்று, வீட்டு விளக்குக்கு 120 வோல்ட். ஜப்பானின் கீழ்ப்பகுதியில் 50, மேற்பகுதியில் 60. இந்தியாவிலும் தென்னாட்டு மின்தொடர் 2013-ஆம் ஆண்டின் இறுதியிலேதான் வடநாட்டுத் தொடருடன் ஒருங்கிணைந்தது.

கம்பி நிறங்களும் வேறுபடும். இங்கு வழங்கி வரும் முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை முனைகள், கறுப்பு நியூட்ரல். ஐரோப்பாவிலோ பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஆகியவை முனைகள், நீலமே நியூட்ரல். ஆதலால் பிறதேச இயந்திரத்தை நிறம் நோக்கி மட்டும் இணைப்பவர் உயிராபத்துக்குள்ளாவர். இயந்திரத்தின் மேலுள்ள தகட்டில் வோல்ட்டையும் சுற்றையும் படித்தறிந்து, லைசென்ஸ் பெற்ற ஒயர்மேனைக் கொண்டே இணைப்பிக்க வேண்டும். பொதுச் செலவில் வாங்கிய மோட்டார் கருகினால் அந்நஷ்டம் அங்கத்தினர் அனைவரையும் சாரும்.