தாய்லாந்தில் ஒரு மார்கழிப் பாட்டு

தாய்லாந்து என்றவுடன் நம்மில் பலருக்கும் கடற்கரையும் கடைவீதியும்தான் நினைவுக்கு வரும். அண்மையில் ஒரு சுற்றுலாக் குழுவுடன் ஐந்து நாள் பயணமாக முதன்முறை அங்கு சென்று வந்தேன். தமிழர் அறிய வேண்டிய ஒரு செய்தி அங்கே இருக்கிறது. பயண நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமில்லை. ஆதலால் நம் சங்க அன்பர்களுக்காக அதை எழுதுகிறேன்.

பழகிய முகம்

2006-இல் திறக்கப்பட்ட பாங்காக் விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. அதனுள் தேவரும் அசுரரும் பாற்கடல் கடையும் காட்சி பெரிய சிற்பமாக நிற்கிறது. மக்கள் கைகூப்பி வணங்குகிறார்கள்; வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். பெரியவர் தலையைத் தொடுவதும், காலை நீட்டி ஒருவரைச் சுட்டுவதும் அங்கே பெரும் மரியாதைக் குறைவு. வீட்டு முற்றங்களில் தூண்மேல் சிறு கோவில் அமைத்துக் காவல் தெய்வத்துக்குப் பூவும் நீரும் வைக்கிறார்கள். நம் ஊர் எல்லைச்சாமி நினைவுக்கு வருகிறார். அவர்களது புத்தாண்டான சொங்க்ரான் ஏப்ரல் 13-இல் தொடங்குகிறது. அச்சொல் 'சங்கராந்தி' என்பதன் திரிபு. அரண்மனையை ஒட்டிய மரகத புத்தர் கோவிலின் சுற்றுச்சுவரில் அவர்களது இராமாயணமான ராமகியன் 178 ஓவியங்களாக விரிகிறது.

இவையெல்லாம் இந்தியப் பொதுமரபின் சாயல்கள். தமிழின் தனிச்சாயலைக் காண வேறோர் இடத்துக்குப் போக வேண்டும்.

பெரிய ஊஞ்சல்

பாங்காக்கின் பழைய நகரில், சுதாட் என்னும் புத்த விகாரையின் எதிரே, சிவப்பு வண்ணம் பூசிய மாபெரும் மரச்சட்டம் ஒன்று நிற்கிறது. 'சாவ் சிங் சா' என்னும் பெரிய ஊஞ்சல் அது. முதலாம் ராமா மன்னர் காலத்தில், 1784-இல் நிறுவப்பட்டது. 1920-இல் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். மரம் பழுதடைந்ததால், வடக்கே பிரே மாகாணத்திலிருந்து ஆறு தேக்கு மரங்களைக் கொணர்ந்து 2007-இல் புதிதாக அமைத்திருக்கிறார்கள்.

இளைஞர்கள் இந்த ஊஞ்சலில் ஏறி உயரே ஆடி, எதிரே மூங்கில் கம்பத்தில் கட்டிய காசுப்பையைப் பல்லால் கவ்வுவார்களாம். விபத்துகள் நேர்ந்ததால் 1935-இல் ஆட்டம் நிறுத்தப்பட்டது. சிவபெருமான் பூமிக்கு இறங்கி வந்து உலகின் உறுதியைச் சோதித்த கதையைக் குறிப்பதே இந்த ஆட்டம் என்கிறார்கள். ரயில்வேயில் பாலங்களின் மீது பாரம் ஏற்றிச் சோதித்த எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப் போயிற்று.

ஊஞ்சல் ஆட்டம் நின்றாலும் விழா நிற்கவில்லை. அருகிலுள்ள தேவஸ்தானம் என்னும் பிராமணர் கோவிலில் சிவன், விநாயகர், நாராயணர் மூவருக்கும் தனித்தனிச் சன்னிதிகள் உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரி வாக்கில் அங்கே சிவனுக்குப் பத்து நாளும், தொடர்ந்து நாராயணருக்கு ஐந்து நாளும் விழா நடக்கிறது. முன்னதன் பெயர் 'திரியம்பவாய்'. பின்னதன் பெயர் 'திரிபவாய்'.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை!

மாணிக்கவாசகரின் திருவெம்பாவையை அங்குள்ள அரசவைப் பிராமணர்கள் இன்றும் ஓதுகிறார்கள். தனிநாயகம் அடிகள் 1950-களில் இதை ஆராய்ந்து எழுதினார். பாங்காக்கிலிருந்த கிரந்த எழுத்துச் சுவடிகளை லண்டன் அறிஞர் ஜே. ஆர். மார் ஆய்ந்து 1969-இல் கட்டுரை வெளியிட்டார். கடல் கடந்து நம் பாட்டு போயிருக்கிறது என்று பெருமைப்படலாம். ஆனால் பாடம் அத்துடன் முடியவில்லை.

எது முதலில் போகிறது?

ஓதுவோருக்கு அது மந்திரம். பொருள் தெரியாது. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவும் பின்னர் தாய் எழுத்திலும் வந்ததால் உச்சரிப்பும் வெகுவாக மாறிவிட்டது. தோழியை எழுப்பும் பெண்களின் கேலியும் கொஞ்சலும் அந்தப் பாட்டில் இருப்பதைப் பாடுகிறவரே அறியமாட்டார். எழுத்து போயிற்று, பொருள் போயிற்று, ஓசை மட்டும் எஞ்சியது. அந்த ஓசையையாவது இத்தனை நூற்றாண்டு காத்தவர்களை நாம் குறை சொல்வதற்கில்லை; வணங்கத்தான் வேண்டும்.

நான் குடியிருக்கும் ஆனைகட்டி, கோவைக்கும் அட்டப்பாடிக்கும் இடையே, மாநில எல்லை நடுவே ஓடும் ஊர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். பஜனைக்குத் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் பாடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். குரலில் குறையில்லை. ஆனால் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். மும்பையிலும் டில்லியிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் குடும்பங்களுக்கும் இது புதிதல்லவே. பாங்காக்கில் பல நூறு ஆண்டுகளில் நடந்தது, நம் வீடுகளில் இரண்டே தலைமுறையில் நடக்கிறது.

நாம் செய்யக்கூடியது

திருப்பாவையில் 30 பாடல்கள். திருவெம்பாவை 20, அதனுடன் திருப்பள்ளியெழுச்சி 10 சேர்த்தால் அதுவும் 30. நம் முன்னோர் மார்கழிக்கு அளந்து வைத்த கணக்கு இது. நாளுக்கு ஒரு பாட்டு போதும். பிள்ளை அதைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை எழுதட்டும். பெரியவர் ஒருவர் அதன் பொருளை இரண்டே வாக்கியத்தில் சொல்லட்டும். கால் மணி நேர வேலைதான். சமய நாட்டமில்லாத வீட்டில் குறளையோ பாரதியையோ வைத்துக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

தாய்லாந்து செல்லும் அன்பர்கள், குழுத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி, கடைவீதிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியை ஊஞ்சலுக்கும் தேவஸ்தானத்துக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திச் செல்லுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். புறப்படும் முன் திருவெம்பாவையின் முதல் பாட்டைப் பொருளோடு சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கோவில் வாசலில் அதைப் பொருள் தெரிந்து ஒரு பிள்ளை பாடினால், அதைவிட நல்ல பயணக் காணிக்கை வேறென்ன இருக்கிறது?