தூக்கத்துக்குள் ஒரு வாதம்

கேள்வி: பிரக்ஞை பற்றிய இன்றைய அறிவியல் ஆய்வுகளில் இந்தியத் தத்துவத்துக்கு உரிய இடம் தருகிறார்களா?

பதில்: சிலர் தருகிறார்கள். இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1944-லேயே ‘உயிர் என்றால் என்ன?’ நூலின் முடிவுரையில் உபநிடதங்களைக் குறிப்பிட்டார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது தத்துவ அறிஞர் இவான் தாம்ப்ஸன் செய்தது. ‘நன்றாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை’ என்கிறோமே, அது நினைவு. ஆகவே ஆழ்ந்த உறக்கத்திலும் உணர்வு இருந்தது என்பது அத்வைதிகள் வாதம். இல்லை, எழுந்தபின் செய்யும் அனுமானம்தான் என்றார்கள் நியாய தரிசன மரபினரான நையாயிகர்கள். இந்தப் பழைய வழக்கை 2014-ல் வெளியான தன் நூலில் நரம்பியல் ஆய்வுகளுக்குப் பக்கத்தில் வைத்து விசாரித்தார் தாம்ப்ஸன். அத்வைதத்தின் முடிவை முழுசாக அவர் ஏற்கவில்லை. வாதத்தை வாதமாக மதித்தார். ‘எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று மார்தட்டும் நம்மவர்கள் நையாயிகர்களின் மறுப்பைப் படித்ததுண்டா?