செசான் கண்ட மலை

ஒரு மலையை எத்தனை முறை வரையலாம்? பிரான்சின் தென்பகுதியில், எக்ஸ் நகருக்குக் கிழக்கே, 1011 மீட்டர் உயர்ந்து நிற்கிறது சேன்த் விக்துவார் மலை. அதனைப் பால் செசான் (1839–1906) முப்பதுக்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். நீர்வண்ண ஓவியங்கள் வேறு. மலை ஒன்றே, எனினும் ஓர் ஓவியம்போல் மற்றொன்று இல்லை. இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

மனப்பதிவிய ஓவியர்கள் கணந்தோறும் மாறும் ஒளியைத் தீட்ட முனைந்தனர். 1874இல் அவர்களது முதற் கண்காட்சியில் செசானும் பங்குகொண்டார். ஆயினும், ஒளி மாறினும் மாறாத மலையின் திண்மையையும் அவர் நாடினார். பிற்காலத்தார் அவரைப் பின்மனப்பதிவியர் வரிசையில் வைத்தது இதனாலேயே.

முதலாவது, வண்ணம். கருமை கூட்டி நிழல் காட்டுவது பழைய வழக்கம். செசானோ வெம்மை தரும் மஞ்சளையும் காவியையும், குளிர்ந்த நீலத்தையும் பச்சையையும் அடுத்தடுத்து வைத்தே பொருளின் திரட்சியைக் காட்டினார்.

இரண்டாவது, தூரிகை. ஒரே போக்கில் சாய்ந்த சிறுசிறு தீற்றல்களைச் செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கினார். இறுதிக்கால ஓவியங்களில் வயலும் வீடும் வானமும் வண்ணத் திட்டுகளாகவே நிற்கின்றன. சற்று விலகி நின்று நோக்கினால் அவை நிலக்காட்சியாகக் கூடுகின்றன.

மூன்றாவது, தொலைவு. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய ஓவியர் கோடுகளை ஒரு புள்ளியில் குவித்துத் தொலைவைக் காட்டினர். செசான் அவ்விதிக்குக் கட்டுப்படவில்லை. ஏறத்தாழ 1887இல் வரைந்த ஓவியமொன்றில், முன்னே நிற்கும் பைன் மரத்தின் கிளை, நெடுந்தொலைவிலுள்ள மலையின் விளிம்பையொட்டியே வளைந்து செல்கிறது. அண்மையும் சேய்மையும் அங்கே கைகோத்து நிற்கின்றன.

இவ்வோவியம் 1895இல் எக்ஸ் நகரில் வைக்கப்பட்டபோது ஊரார் பொருளறியாது திகைத்தனர். காஸ்கே என்னும் இளங்கவிஞர் வியந்து பாராட்டினார். செசான் அதனை அவருக்கே வழங்கிவிட்டார். இன்று அது லண்டன் கோர்ட்டால்ட் காட்சியகத்தில் உள்ளது.

1906 அக்டோபரில், வெட்டவெளியில் வரைந்துகொண்டிருந்தபோது மழையில் நனைந்து நோயுற்ற செசான், சில நாட்களில் மறைந்தார். அறுபத்தேழாம் வயதிலும் அம்மலையை முழுதும் கண்டுவிட்டதாக அவர் நினைக்கவில்லை. ஒரு நூலை ஒருமுறை படித்த அளவில் அதனை அறிந்துவிட்டதாக எண்ணும் நாம், மாணவராயினும் ஆசிரியராயினும், அந்த மலையை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நலம்.