முக்கால் வட்டிக் கடனை ரெண்டு வட்டிப் பணத்தால் அடைக்கலாமா?

கேள்வி: எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் எங்களுக்குச் சொந்த வீடு. 2017-இல் ஒரு வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் பத்திரத்தை வைத்து, மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கினோம். இன்னும் 4 லட்சம் பாக்கி; தவணை ஐந்து வருஷம் ஓடும். கணவர் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறார், நான் மீன் விற்கிறேன். என்னோடு சீட்டுக் கட்டும் மகளிர் குழுத் தோழிகள், “முதல்ல நீ எடுத்துக்கோ, கடனை முடிச்சுடு” என்கிறார்கள். நிறுவனமோ, சொந்தப் பணம் என்றால்தான் சும்மா முடிப்போம், இல்லாவிட்டால் 2 சதவீதம் கட்டணம் என்கிறது. அது சரியா? பணம் தரும் தோழிகளுக்கு வீட்டில் உரிமை வந்துவிடுமா? பத்திரம் எப்போது கைக்கு வரும்?

— வாசகி, முகத்துவாரக்குப்பம்

பதில்: முதலில் அந்த 2 சதவீதம். வாசகி அதைக் கட்ட வேண்டியதில்லை. தனிநபர் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனைத் தவணைக்கு முன்பே முடித்தால் கட்டணம் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012 ஜூனில் சொல்லிவிட்டது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு அதற்கும் முன்பே, 2011-இல், தேசிய வீட்டுவசதி வங்கி சொன்னது. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே அங்கே எழாது. ‘சொந்தப் பணம்’ என்ற நிபந்தனை நிலையான வட்டிக் கடனுக்கு மட்டும் உரியது. அங்கேகூடச் சொந்தப் பணம் என்பதற்கு விதி தரும் பொருள் தாராளமானது: வங்கி, வீட்டுவசதி நிறுவனம், நிதி நிறுவனம் ஆகியவற்றிடம் கடனாக வாங்காத எந்தப் பணமும் சொந்தப் பணமே. தோழி கைமாற்றாகக் கொடுத்ததும் அதில் அடங்கும். 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு, 2025 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு இதை இன்னும் பளிச்சென்று சொல்கிறது: மாறும் வட்டியில், தொழிலுக்கு அல்லாத தனிநபர் கடன் என்றால், பணத்தின் மூலம் எதுவானாலும், பகுதியாகக் கட்டினாலும் முழுதாகக் கட்டினாலும் கட்டணம் இல்லை. குறைந்தபட்சம் இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற கெடுவும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடனைச் சீக்கிரம் அடைக்கும் உரிமை ஏதோ பிறப்புரிமை என்று பலர் நினைக்கிறார்கள். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, கடன் கெடு வந்த பிறகுதான் அடமானத்தை மீட்கும் உரிமை பிறக்கிறது என்கிறது. கெடுவுக்கு முன்னால் மீட்க வழி தருவது ஒப்பந்தமும் ரிசர்வ் வங்கி விதியும்தான். ஆகவே வாசகி முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது கடன் அனுமதிக் கடிதம். வட்டி வகை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, கடனின் நோக்கம் வீடா தொழிலா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு, கட்டணம் கேட்பதற்கான விதியை எழுத்தில் தரும்படி நிறுவனத்திடம் கேட்கலாம். வாயால் கேட்கப்படும் கட்டணங்கள் பலவும் எழுத்தில் கேட்டதும் காணாமல் போகும். போகாவிட்டால் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கும், அடுத்துத் தேசிய வீட்டுவசதி வங்கிக்கும் புகார் அனுப்பலாம்.

முடிவுக் கணக்கு அறிக்கையையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்தை மூடியபோது, கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் தொழில் நின்றது. வலையும் படகும் எண்ணெயில் ஊறின. அந்த மாதங்களில் தவணை தவறிய வீடுகள் இருக்கும். தவறிய தவணைக்கு ‘அபராத வட்டி’ போடும் வழக்கத்தை ரிசர்வ் வங்கி 2024-இல் நிறுத்திவிட்டது. அபராதக் கட்டணம் போடலாம். ஆனால் அதை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது. பழைய கடன்களும் அந்த ஆண்டு ஜூன் முடிவதற்குள் இந்த முறைக்கு மாறியிருக்க வேண்டும்.

சட்டம் இவ்வளவு சாதகமாக இருக்கும்போது தோழிகளின் யோசனையை ஏற்றுவிடலாமா? பதில் எழுதும் வழக்கறிஞர் இங்கேதான் பேனாவை வைத்துவிட்டுக் கணக்குப் பலகையை எடுக்கிறார்.

வாசகியின் கடன் 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். குப்பத்து மொழியில் அது முக்கால் வட்டி: நூறு ரூபாய்க்கு மாதம் 75 காசு. பாக்கி 4 லட்சம், 60 தவணை என்றால் மாதத் தவணை சுமார் 8,300. ஐந்து வருஷத்தில் கட்டப்போகும் வட்டி சுமார் 98,000.

இப்போது சீட்டு. உதாரணத்துக்கு, இருபது பேர், மாதம் 5,000, இருபது மாதம், ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. மூன்றாம் மாதமே பணம் வேண்டும் என்று வாசகி 25,000 தள்ளி எடுக்கிறார். கைக்கு வருவது 75,000. தள்ளிய பணத்தில் சீட்டு நடத்துபவருக்கு 5 சதவீதம், அதாவது 5,000. மீதி 20,000 இருபது பேருக்கும் ஆளுக்கு ஆயிரமாகப் பிரியும். முதல் மூன்று மாதமும் இப்படியே போனால் வாசகி கட்டியிருப்பது 12,000. ஆக அவர் கையில் உள்ள ‘பிறர் பணம்’ 63,000-தான். மீதிப் பதினேழு மாதமும் கழிவு போகச் சராசரியாக 4,550 கட்டினால் திருப்புவது 77,350. இதை வட்டியாக மாற்றினால் மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் 38 காசு வருகிறது. வருஷத்துக்கு 28 சதவீதத்துக்கு மேல். முக்கால் வட்டிக் கடனை அடைக்க ரெண்டு வட்டிக்கும் மேலான பணத்தை வாங்குவது என்ன யோகம் என்று வழக்கறிஞருக்குப் புரியவில்லை.

தோழிகள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பத்திரம் நிதி நிறுவனத்தின் பெட்டிக்குள் இருப்பது எவருக்கும் உறுத்தல்தான். ஆனால் சீட்டில் முந்தி எடுப்பவர் கடனாளி, பிந்தி எடுப்பவர் சேமிப்பாளர். அதே சீட்டைக் கடைசியில் எடுத்தால் வாசகிக்கு 95,000 வரும். அதைக் கடனில் கட்டித் தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தை மட்டும் குறைக்கச் சொல்லலாம். தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று நிறுவனம் கேட்கும்போது பலரும் தவணையைக் குறைக்கச் சொல்லி ஏமாந்துவிடுகிறார்கள். உதாரணமாக, 4 லட்சம் பாக்கி இருக்கும்போது ஒரு லட்சத்தை மொத்தமாகக் கட்டி, 8,300 தவணையை அப்படியே தொடர்ந்தால் அறுபது மாதம் நாற்பத்து மூன்றுக்குள் முடியும். மிச்சமாகும் வட்டி சுமார் 47,000.

கண்டிப்பான கணக்குப்படி பார்த்தால், சீட்டே கட்டாமல் அதற்குப் போகும் சுமார் 4,500-ஐ மாதாமாதம் கடனில் கூடுதலாகக் கட்டுவதுதான் மிகவும் லாபம். ஆனால் மீன்காரக் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. தனியாகச் சேர்த்தால் அந்த நாட்களில் கரைந்துவிடும் பணம், இருபது பேர் முகத்தைப் பார்த்துக் கட்டும்போது கரைவதில்லை. அந்தக் கட்டாயத்துக்குக் கொடுக்கும் கூலியாகச் சீட்டுக் கமிஷனை நினைத்துக்கொள்ளலாம்.

தோழிகள் உண்மையாகவே உதவ நினைத்தால் அதற்கும் வழி உண்டு. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் ஏலத்தை மட்டும் சொல்லவில்லை. குலுக்கல் முறையிலோ, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும் வேறு முறையிலோ சீட்டு நடத்தலாம். இன்னாருக்கு இந்த மாதம் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டால் தள்ளுவதற்கு இடமில்லை; கமிஷன் மட்டும்தான் செலவு. கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது, 2019 திருத்தத்துக்குப் பின் 7 சதவீதம். ஆனால் எந்த முறையானாலும் முன் அனுமதியும் பதிவும் கட்டாயம். தெருவில் நம்பிக்கையின் பேரில் ஒரு அக்கா பிடிக்கும் சீட்டு, எத்தனை வருஷம் ஒழுங்காக நடந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் குற்றம். பதிவான சீட்டில் தகராறு வந்தால் 64-ஆம் பிரிவின்படி பதிவாளரிடமே முறையிடலாம். பதிவில்லாத சீட்டில் காவல் நிலைய வாசலில் நிற்க வேண்டிவரும்.

பதிவான சீட்டிலும் ஒரு கொக்கி இருக்கிறது. சீட்டு எடுத்தவர் மீதித் தவணைகளுக்கு ஜாமீன் தர வேண்டும் என்கிறது 31-ஆம் பிரிவு. தோழிகள் ஜாமீன் கையெழுத்துப் போட்டால், வாசகி கட்டத் தவறும் நாளில் முழுத் தொகைக்கும் அவர்களே பொறுப்பு. தவறினால் வருங்காலத் தவணைகள் எல்லாவற்றையும் ஒரே மொத்தமாகக் கேட்கவும் சீட்டு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஓரியண்டல் குரிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை உறுதிசெய்தது. ஜாமீனுக்குப் பதில் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தால், பத்திரம் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போகும், அவ்வளவுதான்.

அடுத்து, பணம் தந்தவர்களுக்கு வீட்டில் உரிமை வருமா? கூடிச் சேமித்து வீடு வாங்குவது பழைய யோசனை. 1775-இல் பர்மிங்காமில் ஒரு விடுதியில் தொடங்கிய கட்டடச் சங்கம் கிட்டத்தட்ட வீட்டுக்கான சீட்டுதான்: எல்லோரும் சந்தா கட்டுவார்கள், முறைவைத்து ஒவ்வொருவருக்கும் வீடு, கடைசி ஆளுக்கும் வீடு வந்ததும் சங்கம் கலையும். கலையாமல் நிற்கும் சங்கங்கள் பின்னால் வந்தன. அந்த வழியில் நம் ஊரில் எழுந்தவைதான் ‘சாஸ்வத நிதி’கள், மயிலாப்பூர் நிதி 1872-இல் தொடங்கியது. கட்டடச் சங்கமானாலும் நிதியானாலும் வீட்டுக்குக் கடன் தந்தால் அந்த வீட்டை அடமானமாகப் பிடித்துக்கொள்ளும்.

முகத்துவாரக்குப்பத்துத் தோழிகளுக்கு அப்படி ஒரு பிடிமானம் தானாகக் கிடைக்காது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு இதற்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. அடமானத்தை மீட்கப் பணம் கொடுத்தவர், பழைய அடமானதாரரின் இடத்தில் நிற்க வேண்டும் என்றால், வீட்டுக்காரர் அதற்குப் பதிவு செய்த ஆவணம் எழுதித் தந்திருக்க வேண்டும். அடமானமும் முழுதாக மீட்கப்பட்டிருக்க வேண்டும். வெள்ளைத் தாளில், ஏன், முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் பதிவு இல்லையென்றால் வீட்டின்மேல் உரிமை இல்லை. கொடுத்த கடனைக் கேட்டு வழக்குப் போடலாம், வீட்டைப் பிடிக்க முடியாது. வாசகிக்கு இது நிம்மதி. தோழிகளுக்கு இது எச்சரிக்கை. இந்தப் பதிலை அவர்களும் படிப்பது நல்லது.

கைமாற்றாக வாங்கினால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒருவரிடம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்ட விதி. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வங்கிக் கணக்கு வழியாக வாங்கி, அதே வழியில் திருப்ப வேண்டும். மகளிர் குழுப் பணத்திலிருந்து கொடுத்தால் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் தொகை, வட்டி, தவணை மூன்றும் ஏற வேண்டும்.

பத்திரத்துக்குக் கெடு தெளிவாக இருக்கிறது. 2023 செப்டம்பர் 13-இல் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். பதிந்த பொறுப்புகளையும் நீக்க வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன்தாரருக்கு இழப்பீடு. ஆவணம் தொலைந்திருந்தால் நகல் வாங்க நிறுவனமே உதவ வேண்டும், செலவையும் ஏற்க வேண்டும். அதற்கு மேலும் 30 நாள் அவகாசம் உண்டு.

பத்திரம் கைக்கு வந்ததும் பலரும் பீரோவில் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். கடன் வாங்கும்போது உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பதிவு செய்திருப்பார்கள். அது தானாக அழியாது. நிறுவனத்தின் அதிகாரி வந்து கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து தர வேண்டும். அது ஏறாத வரை, பத்து வருஷம் கழித்து மகள் பேருக்கு வீட்டை எழுதப் போனாலும் வில்லங்கச் சான்றில் பழைய கடன் நிற்கும். கடனை முடிக்கப் போகும் அன்றே, ரசீது ஆவணம் பதிய யார் வருவார், எந்த நாளில் வருவார் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பதிவு முடிந்த சில நாளில் வாசகி புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும்.