கைக்குழந்தைகளின் மூச்சிரைப்பு நோய்

பொள்ளாச்சிப் பகுதியில் பஞ்சாயத்துக் கூட்டம் ஒன்றின் முடிவில் அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். நான்கு மாதப் பேரனை மூச்சிரைப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். "மூணு நாளா ஒரு ஊசிகூடப் போடலீங்க. மூக்குல குழாயை வெச்சுட்டுப் பாத்துட்டேதான் இருந்தாங்க" என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்ப அவர் எண்ணியதும், அப்பத்தா பிடிவாதமாகத் தடுத்ததும் பின்னரே தெரியவந்தன. பேரன் இன்று நலமாக இருக்கிறான். அம்மூன்று நாட்களில் ஆஸ்பத்திரியில் நடந்தது என்ன என்பதை, சுகாதார நிலைய வைத்தியர்களிடம் நாம் கேட்டறிந்தவாறு இங்கே எழுதுகிறோம்.

இந்நோய்க்குப் பிராங்கியோலைடிஸ் என்று பெயர். மூச்சு நுண்குழல் அழற்சி எனலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை, அதிலும் முதலாண்டில் உள்ளவர்களை, மிகுதியாகப் பற்றுவது. பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் கிருமியே இதற்குக் காரணம். 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சளி கண்ட சிம்பன்சிக் குரங்குகளிடம் முதன்முதலாக இக்கிருமி கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே கைக்குழந்தைகளிடமும் காணப்பட்டது. பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷமாகவே வந்து போகும். அந்த ஜலதோஷக்காரர் குழந்தையைத் தூக்கி முத்தமிடும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது.

தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாயின் துளையை அழுக்கு அடைத்துவிட்டால் மரத்துக்குத் தண்ணீர் போகாது என்பதை விவசாயிகள் அறிவர். குழந்தையின் நுரையீரலிலும் அவ்வாறே. நுண்குழல்கள் உட்புறம் வீங்கிச் சளியால் அடைபடுகின்றன. உள்ளே போன காற்று வெளிவர இயலாமல் தங்கிவிடுகிறது. குழந்தை பாடுபட்டு மூச்சு விடுகிறது. மூச்சுக்கும் பால் குடிப்பதற்கும் ஒருசேர அதற்குச் சக்தி போதுவதில்லை.

முதல் இரண்டு நாட்கள் மூக்கொழுகலும் இலேசான காய்ச்சலும் மட்டுமே இருக்கும். பிறகு இருமலும், வேகமான மூச்சும், நெஞ்சில் விசில் போன்ற ஓசையும் தோன்றும். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையில்தான் நோய் உச்சத்தில் நிற்கும். அதன்பின் படிப்படியாகத் தணியும். இருமல் மட்டும் மூன்று வாரம் வரை நீடிக்கலாம். ஆகவே இரண்டாம் நாள் "சாதாரணச் சளிதான்" என்று வைத்தியர் அனுப்பிவைத்த குழந்தை நான்காம் நாள் மூச்சுக்குத் திணறினால், மீண்டும் கொண்டுசெல்லத் தயங்கலாகாது. வைத்தியர் முன்பு தவறாகச் சொல்லிவிட்டார் என்று பொருளல்ல. நோயின் போக்கே அத்தகையது.

ஊசி ஏன் போடவில்லை? வைரஸ் கிருமிக்கு ஆன்டிபயாடிக் மருந்துகள் பயன்படா. வேறு கிருமியும் சேர்ந்திருந்தால்தான் தேவைப்படும். ஆஸ்துமாவுக்குத் தரும் மருந்துகளும் இக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. விரலில் மாட்டும் கருவியால் இரத்தத்தில் உள்ள பிராணவாயுவை அளந்து, குறைந்திருந்தால் மூக்கின் வழியே பிராணவாயு செலுத்துவார்கள். மூக்குச் சளியை அகற்றுவார்கள். பால் குடிக்க இயலாவிடில், மெல்லிய குழாய் மூலம் தாய்ப்பாலையே வயிற்றுக்குச் சேர்ப்பார்கள், அல்லது இரத்தக் குழாய் வழியே திரவம் ஏற்றுவார்கள். குழந்தை களைத்துப்போனால், காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் இயந்திரம் துணைபுரியும். குழந்தையின் உடல் நோயை வெல்லும் வரை அதைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. அருகிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பதும் அதில் அடக்கம். பாதியில் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைக்கு இத்துணை எதுவும் கிடையாது.

வீட்டில் கவனிக்க வேண்டியது மூச்சின் எண்ணிக்கை. குழந்தை அழாமல் இருக்கையில், சட்டையை நீக்கி, ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்குமேல் ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினால் தாமதிக்கக் கூடாது. விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குதல், வழக்கத்தில் பாதிகூடப் பால் குடியாமை, உதடு நீலம் பாரித்தல், மூச்சு இடையிடையே நின்றுபோதல், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவை கண்டால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கும் இருதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். வால்பாறை எஸ்டேட்டுகளில் இருப்போர் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொள்ளாச்சிக்கு இறங்க வேண்டியவர்கள். அவர்கள் இருட்டும் வரை காத்திருத்தல் சரியன்று.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதை அறவே நிறுத்த வேண்டும். அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சாம்பிராணிப் புகை, விறகடுப்புப் புகை, பீடிப் புகை மூன்றும் இக்குழந்தைக்குக் கேடு. கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்தும் வேண்டாம். 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் நச்சுக் கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் பலர் மாண்டதை நாம் மறக்கவில்லை. தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி தருவதும், சோப்பிட்டுக் கைகழுவிய பின்னரே குழந்தையைத் தொடுவதும் போதும்.

மேற்சொன்ன அங்கத்தினர் இப்போது தமது ஊர் அங்கன்வாடிச் சுவரில், கிராம சுகாதாரச் செவிலியரின் தொலைபேசி எண்ணையும், இரவில் வண்டி எடுக்கச் சம்மதித்த இருவரின் எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார். மூச்சுக் கணக்கும் அதன் கீழே இருக்கிறது.