தொட்டிச் செடிகளை வரிசைப்படுத்தலும் பராமரித்தலும்

நெல், கடலை, கரும்பு ஆகியவற்றைப் பற்றியே படித்துவரும் நமது வாசகர்களுக்குத் தாழ்வாரத்துப் பூந்தொட்டிகளைப் பற்றிய இவ்வியாசம் சிறிது வியப்பை உண்டாக்கலாம். ஆயினும், கிராமங்களுக்குச் செய்து காட்டும் வேலையாகச் சென்று, வயல் சம்பந்தமான விசாரணைகள் முடிந்து புறப்படுந் தறுவாயில், அவ்வீட்டுப் பெண்மணிகள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றது. "விலை கொடுத்து வாங்கிய செடி இரண்டு மாதத்திற்குள் பட்டுப் போகின்றதே, காரணம் யாது?" என்பதே அது. நான் கண்ட மட்டில், அவ்விதம் பட்டுப்போகும் செடிகளில் பெரும்பாலானவை ஜலமில்லாமல் மாண்டவை அல்ல. ஜலம் மிகுந்து மாண்டவையே.

இதை நான் புஸ்தகத்தினின்று கற்றேனில்லை. உத்தியோகத்தில் புதிதாய்ச் சேர்ந்த காலத்தில், ஓர் ஆபீஸ் தாழ்வாரத்திலிருந்த 32 தொட்டிகள் என் பொறுப்பில் விடப்பட்டன. நான் அவற்றைக் கண்ணுக்கு அழகாயிருக்கும்படி நிறம் பார்த்து அடுக்கினேன். குரோட்டன்ஸுக்கு அருகில் மருள், மருளுக்கு அருகில் பெரணி, இவ்வாறாக. பின்னர் 12 நாள் முகாமுக்குப் புறப்படுகையில், ஒவ்வொரு தொட்டிக்கும் தினம் ஒரு செம்பு ஜலம் விடும்படி சேவகரிடம் சொல்லிச் சென்றேன். திரும்பி வந்து பார்த்தபோது மருள் யாவும் அடி அழுகி, தொட்டவுடன் துர்நாற்றத்துடன் கையோடு வந்தன. மேற்குக் கோடியிலிருந்த பெரணிகளோ சருகாய்க் கிடந்தன. 11 தொட்டிகள் காலியாயின. சேவகர் சொன்னபடியே தவறாமல் செய்திருந்தார். பிழை உத்தரவிட்ட என்னுடையதே.

ஆகவே தொட்டிகளை அடுக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது நிறமன்று, தாகமும் வெளிச்சமுமே. ஒரே அளவு ஜலமும் ஒரே அளவு வெளிச்சமும் வேண்டும் செடிகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால், யார் ஜலம் விட்டாலும் மோசம் வராது. மருள், கற்றாழை முதலியவை ஒரு கூட்டம். மருள் பகலில் இலைத் துவாரங்களை மூடிக்கொண்டு இரவில் திறக்கும் இயல்புடையதாதலால், அதற்கு ஜலச் செலவு மிகக் குறைவு. வீட்டினுள் இருப்பின் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை விட்டாலே போதும். பெரணி, கலேடியம், கோலியஸ் ஆகியவை மற்றொரு கூட்டம். இவை வளரும் பருவத்தில் மண் ஈரம் முற்றும் வற்றலாகாது. குரோட்டன்ஸ், டிரசீனா, மணி பிளாண்ட் என்பவை இவ்விரண்டுக்கும் நடுத்தரமானவை.

வெளிச்சத்தை நமது கண்ணால் அளப்பது தவறு. ஜன்னலிலிருந்து ஐந்தாறு அடி உள்ளே சென்றால் வெளிச்சம் பெரிதும் குறைந்து விடுகிறது. நமது கண் அக்குறைவைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு அது தோன்றுவதில்லை. சுலபமான பரீக்ஷை ஒன்றுண்டு. நடுப்பகலில் செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, அதற்கு ஓர் அடி உயரத்தில் கையை நீட்டவும். நிழல் விரல் விரலாகத் தெளிந்து விழுமாயின் குரோட்டன்ஸுக்கு ஏற்ற இடம். மங்கலாக விழுமாயின் பெரணி, மணி பிளாண்ட் முதலியவற்றிற்கு ஏற்றது. நிழலே தெரியாவிடில் அங்கே செடி வைக்கவேண்டாம், பித்தளைப் பாத்திரம் ஏதேனும் வைத்துக்கொள்ளலாம். குரோட்டன்ஸ் மலாய்த் தீவுகளையும் பசிபிக் தீவுகளையும் சேர்ந்த வெயில் விரும்பும் செடி. இருட்டில் வைத்தால் அதன் சிவப்பும் மஞ்சளும் மறைந்து புது இலைகள் பச்சையாகவே வரும். 'கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்' என்று அவரை நோவதிற் பயனில்லை.

கிழக்குப் பார்த்த தாழ்வாரமே யாவற்றினும் உத்தமமானது. காலை வெயில் பட்டு, உச்சியில் நிழல் கிடைக்கும். மேற்குத் தாழ்வாரத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் கீற்றுத் தட்டியோ நிழல் வலையோ கட்டாமல் பெரணியை வைக்கலாகாது. அடுக்கும் முறையில், உயரமானவை சுவரோரம் பின்னும், குட்டையானவை முன்னும் இருக்க, படிப்படியாய் அமைந்த மரப்பலகை நிலையோ செங்கல் மேடையோ இருப்பின் எல்லாவற்றிற்கும் காற்றும் வெளிச்சமும் எட்டும். நிறமுள்ள இரு செடிகளுக்கிடையில் பச்சையான ஒன்றை வைப்பது கண்ணுக்கு இதமாயிருக்கும். வாரத்திற்கு ஒரு முறை ஒவ்வொரு தொட்டியையும் கால் சுற்றுத் திருப்பி வைத்தால், செடி ஒரு பக்கம் சாயாது.

இனி மண். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு நன்கு மட்கிய தொழு எரு அல்லது இலை மட்கு என்ற கலப்பு பெரும்பாலான செடிகளுக்கு ஏற்றது. மருளுக்கும் கற்றாழைக்கும் மணலை இரட்டிக்கவேண்டும். கடையில் விற்கும் தென்னை நார்த்தூளை உபயோகிப்போர், அதிலுள்ள உப்பு நீங்க இரண்டு மூன்று முறை நல்ல ஜலத்தில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே கலக்கவேண்டும். தொட்டியின் அடியில் மூன்றங்குலம் ஜல்லி பரப்பினால் ஜலம் நன்றாய் வடியுமென்று எங்களுக்குப் போதிக்கப்பட்டது. நானும் பலருக்கு அவ்வாறே போதித்தேன். அது சரியன்று. நுண்ணிய மண்ணிலுள்ள ஜலம், அந்த மண் முற்றும் நனைந்து நிறைந்தாலொழியக் கீழேயுள்ள பருத்த ஜல்லிக்குள் இறங்காது. ஆதலால் ஈரம் வேருக்கருகிலேயே தங்கி, வேர் பரவ வேண்டிய இடமும் குறைகிறது. துவாரத்தின்மேல் மண் சரியாதபடி வளைந்த ஓட்டுச்சில் ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும். புது மண் தொட்டியை ஓர் இரவு ஜலத்தில் ஊறவைத்து உபயோகிக்கவும். இன்றேல் அது செடிக்கு விடும் ஜலத்தைத் தானே குடித்துவிடும்.

வேரும் சுவாசிக்கின்றது என்பதை மறத்தலாகாது. மண்ணின் இடைவெளிகள் யாவும் எந்நேரமும் ஜலத்தால் நிரம்பியிருப்பின், காற்றின்றி வேர் அழுகும். அழுகிய வேர் ஜலத்தை உறிஞ்சாதாகையால் இலைகள் வாடும். வாட்டத்தைக் கண்டவர் மேலும் ஜலம் விடுவர். செடியின் கதை அத்துடன் முடிந்தது. ஆதலால் வாடிய செடியைக் கண்டவுடன் செம்பைத் தேடாமல், விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் நுழைத்துப் பார்க்கவும். மண் தொட்டியாயின் விரல் மடக்கித் தட்டினால், காய்ந்த தொட்டி கணீரென்றும் ஈரமுள்ளது மந்தமாகவும் ஒலிக்கும். ஜலம் விடும்போது அடித் துவாரத்தில் ஒழுகும் வரை விட்டு, பிறகு மண் காய்வதற்கு இடங்கொடுக்கவேண்டும். தினம் சிறிது சிறிதாகத் தெளிப்பது மேல்மண்ணை மாத்திரம் நனைக்கும்.

ஆழ்குழாய்க் கிணற்றின் உவர் ஜலம் உபயோகிக்கும் இடங்களில், தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாய்ப் பூத்து, இலை நுனிகள் கருகும். மாதம் ஒரு முறை, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு பங்கு நல்ல ஜலத்தை மெதுவாய் ஊற்றி, உப்பைக் கீழே வடியவிடவேண்டும். மழை ஜலம் பிடித்து வைப்பார்க்கு இத்தொல்லை இராது. ஆனால் பிடித்த ஜலத்தை மூடி வைத்தல் அவசியம்.

மூடச் சொல்வதன் காரணம் பெரிது. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தொட்டிக்கடியில் வைக்கும் தட்டிலுள்ள கையளவு ஜலத்திலேயே பெருகவல்லது. முட்டையிலிருந்து கொசு வெளிப்பட, நமது உஷ்ண காலத்தில் எட்டிலிருந்து பத்து நாட்களே பிடிக்கும். தட்டைக் கவிழ்த்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணலாகாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி ஜலம் பட்டவுடன் பொரிக்கும். ஆதலால் வாரத்திற்கொரு நாள் குறிப்பிட்டு, தட்டுகளைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவவேண்டும். தட்டே வேண்டாமெனில் தொட்டிகளைச் செங்கல்மேல் வைப்பது மிக நல்லது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் டிபன்பாக்கியா எட்டும் உயரத்தில் இருக்கலாகாது. அதன் தண்டிலும் இலையிலும் உள்ள ஊசி போன்ற உப்புப் படிகங்கள், கடித்தால் வாயும் நாவும் வீங்கச் செய்யும். அரளியை வெட்டிய கழிவை ஒருபோதும் மாட்டின் முன்போ ஆட்டின் முன்போ போடற்க. காய்ந்த இலையும் கொல்லும்.

தொட்டிச் செடிகள் அறைக் காற்றைச் சுத்தி செய்யும் என்பது இக்காலத்தில் விற்பனையாளர் சொல்லும் பெருமை. 1989-ல் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனத்தார் மூடிய சிறு பெட்டிகளுக்குள் செய்த பரீக்ஷையிலிருந்து இது பரவியது. 2019-ல் இத்தகைய பரீக்ஷைகள் பலவற்றை ஒருங்கே ஆராய்ந்தவர்கள், சாதாரண வீட்டில் அவ்வளவு பலன் கிடைக்கத் தரையின் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டுமென்று கணக்கிட்டனர். அப்புறம் மனிதர் நிற்க இடமேது? இரவில் செடி நமது பிராணவாயுவைத் தின்றுவிடும் என்ற பயமும் இதே போன்றதே. அழகுக்காக வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமொன்றுமில்லை.

எருவாகக் கடலைப் பிண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் ஜலத்தில் நான்கு நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்துப் பங்கு ஜலத்துடன் சேர்த்து, வளரும் பருவத்தில் பதினைந்து நாட்களுக்கொரு முறை விடலாம். நோயுற்ற செடிக்கு எரு கூடாது. மாவுப்பூச்சி காணின் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்கவும். மிகுதியாயின் ஒரு லிட்டர் ஜலத்திற்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்து மாலையில் தெளிக்கவும். கோடையில் இலை மங்கி, அடிப்புறம் நூலாம்படை தோன்றினால் அது சிலந்திப்பேன். இலையின் அடியில் படும்படி ஜலத்தை வேகமாய்ப் பீச்சினாலே பெரும்பகுதி ஒழியும்.

வேர்கள் துவாரத்தின் வழியே வெளிவரும் தொட்டிகளை ஆடி, ஆவணியில் ஓர் அளவு பெரிய தொட்டிக்கு மாற்றலாம். மஞ்சட் கரையுள்ள மருளைப் பெருக்க விரும்புவோர் இலையை வெட்டி நடவேண்டாம். அவ்விதம் வரும் கன்று கரையிழந்து பச்சையாகவே வரும். கிழங்கோடு பிரித்தே நடவேண்டும். கலேடியம் மழைக்காலத்திற்குப்பின் இலையுதிர்த்து மண்ணுக்குள் உறங்கும். அது செத்ததென்று குப்பையிற் கொட்டினவர் பலர். ஜலத்தை நிறுத்தி, தொட்டியை அப்படியே மழைபடாத ஓர் உலர்ந்த மூலையில் வைத்திருந்து, சித்திரை, வைகாசியில் முளை தலைகாட்டியவுடன் புது மண்ணிட்டு ஜலம் விடவும்.